உஷார்! தலைக்கு மேலே தூசி, தட்டிவிட்டால் வெடி

மாவு மில், மசாலா மில், கோழித்தீவன ஆலை, ஸ்டார்ச் ஆலை, சர்க்கரை ஆலை, மரம் இழைக்கும் பட்டறை, மாத்திரை தயாரிக்கும் கம்பெனி, அலுமினியப் பாகங்களுக்கு பாலிஷ் போடும் யூனிட். இவற்றில் ஏதாவது ஒன்றில் நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோ வேலை பார்த்தால், இதைப் படித்து முடித்துவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போங்கள். பெட்ரோல் பங்க்கில் பீடி பற்றவைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சிவகாசியில் மருந்து கலக்கும் அறைக்குள் எப்படி நடமாட வேண்டும் என்பதும் ஓரளவு தெரியும். சர்க்கரை வெடிக்கும், மைதா வெடிக்கும், மரவள்ளிக்கிழங்கு மாவு வெடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த மாவுக்குள்ளேயே காலம் முழுக்க உழன்ற மேஸ்திரிகூட நம்ப மாட்டார். யாரும் நம்பாததால்தான் யாரும் தயாராகவும் இல்லை.

2008 பிப்ரவரி 7. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவானா நகரை ஒட்டிய போர்ட் வென்ட்வொர்த். அங்கே இம்பீரியல் சுகர் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை. பெரிய பெரிய சர்க்கரை சைலோக்கள், அவற்றை ஒட்டிப் பல மாடி பேக்கிங் கட்டடங்கள். சைலோக்களுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் சர்க்கரையைச் சுமந்து ஓடும் ஸ்டீல் கன்வேயர் பெல்ட். பல வருஷமாக அந்த பெல்ட் திறந்தபடிதான் ஓடியது. தூள் பறந்தாலும் அவ்வளவு பெரிய இடத்தில் கலைந்து போய்விடும். 2007-இல், சர்க்கரையில் அழுக்கு விழக் கூடாது என்று பெல்ட்டைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு அடித்து மூடினார்கள். சுத்தத்துக்காகச் செய்த வேலைதான், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் உள்ளே சேரும் தூளை உறிஞ்சி எடுக்க வழி வைக்கவில்லை. உள்ளே வெடித்தால் அழுத்தம் வெளியே போக வழியும் வைக்கவில்லை.

சைலோவிலிருந்து சர்க்கரை இறங்கும் வழியில் கட்டி தட்டி அடைத்துக்கொண்டது. பெல்ட்டில் வந்த சர்க்கரை வழிந்து, மூடிய தகடுகளுக்குள் தூள் மண்டியது. சூடேறிய ஒரு பேரிங் அதைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்பது, வேதி விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு வாரியத்தின் முடிவு. மாலை ஏழேகால் மணிக்கு அந்தச் சுரங்கத்துக்குள் முதல் வெடி. அது மட்டும் நடந்திருந்தால் சேதம் சுரங்கத்தோடு போயிருக்கும். அதன் அதிர்ச்சி மேல் மாடிகளுக்குப் பரவியது. உத்தரங்கள், குழாய்கள், மெஷின்களின் தலைப்பகுதி என்று எங்கெல்லாம் தூள் படிந்திருந்ததோ அங்கெல்லாம் அது எழும்பிக் காற்றில் கலந்தது. பின்னாலேயே வந்த தீ அதைப் பிடித்துக்கொண்டது. கான்கிரீட் தளங்கள் அடியிலிருந்து தூக்கி எறியப்பட்டன. விளக்குகள் அணைந்தன. வெளியேறும் வழிகள் இடிபாட்டில் மூடிப்போயின. இருட்டில், தீக்கு நடுவே, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஆட்கள் தடவித் தடவி வந்தார்கள். அந்த ஆலையில் முறையான வெளியேற்றப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 14 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் தீக்காயப் பிரிவில் போராடி, பிறகு இறந்தவர்கள். 36 பேருக்குக் காயம், சிலருக்கு உயிர் இருக்கும் வரை ஆறாத தீக்காயம்.

எனக்கு வயிற்றைப் பிசைவது எண்ணிக்கை மட்டும் அல்ல. சர்க்கரைத் தூள் வெடிக்கும் என்பது அந்தத் தொழிலுக்கு 1925-லேயே தெரியும். அதே ஆலையில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றிக் கடிதப் போக்குவரத்தே நடந்திருக்கிறது. விசாரணை வாரியம் அந்தக் கடிதங்களைத் தோண்டி எடுத்தது. இத்தனை வருஷம் தெரிந்திருந்தும் முழங்கால் அளவுக்குக் கொட்டிக் கிடந்த சர்க்கரை, தினசரிக் காட்சியாகவே பழகிப்போயிருக்கிறது. முதல் நாள் பார்த்துத் திடுக்கிடுகிறவன் ஒரு மாசத்தில் அதைத் தாண்டி நடக்கப் பழகிவிடுகிறான். நம் ஆலைகளிலும் நடப்பது இதுதான்.

சரி, சாப்பிடுகிற மாவு எப்படி வெடிக்கும்? தெருக்கூத்தில் உக்கிரமான வேஷம் நுழையும்போது தீப்பந்தத்தின் மேல் குங்கிலியப் பொடியை வீசுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குங்கிலியத்தைக் கட்டியாகத் தணலில் போட்டால் புகைந்துகொண்டே கிடக்கும். பொடியாகக் காற்றில் எறிந்தால் குப்பென்று ஆள் உயரத்துக்குத் தீ எழுகிறது. ஒவ்வொரு துகளையும் நாலா பக்கமும் காற்று சூழ்ந்துகொள்வதால் அத்தனையும் ஒரே நொடியில் எரிகின்றன. கூத்து நடப்பது திறந்த வெளியில் என்பதால் தீ மேலே எழும்பி அடங்கிவிடுகிறது. அதுவே ஒரு குழாய்க்குள், ஹாப்பருக்குள், ஜன்னல் சாத்திய அறைக்குள் நடந்தால் சூடேறிய காற்றுக்குப் போக இடம் இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் பல மாவுகள் 7, 8 பார் வரை அழுத்தம் எழுப்பும். சாதாரணச் செங்கல் சுவர் அதில் நூற்றில் சில பங்கு அழுத்தத்துக்கே சரிந்துவிடும்.

எரியும் தூள், காற்று, ஒரு பொறி, தூள் காற்றில் பறப்பது, அடைபட்ட இடம். இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் கூடினால் வெடி. காற்றை ஒன்றும் செய்ய முடியாது. கட்டடத்தை நாளைக்கே இடித்துக் கட்ட முடியாது. பொறி எங்கிருந்து வரும் என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. நம் கையில் முழுசாக இருப்பது தூள் ஒன்றுதான். அதனால்தான் திரும்பத் திரும்பத் தூசியையே பேசுகிறேன்.

எவ்வளவு தூசி இருந்தால் ஆபத்து? பாக்கெட்டிலிருந்து ஏ.டி.எம். கார்டை எடுங்கள். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் எச்சரிக்கை எல்லையும் ஏறத்தாழ அதே கனம்தான்: ஓர் அங்குலத்தில் 32-இல் ஒரு பங்கு. தரைப் பரப்பில் 5 சதவீத அளவுக்கு அந்தக் கனத்தில் தூள் படிந்திருந்தாலே அந்த அறை ஆபத்தான அறை. தரைப் பரப்பு என்றதும் கீழே குனிந்து பார்க்காதீர்கள். தரையைத்தான் தினமும் பெருக்கிவிடுகிறோமே. நிமிர்ந்து பாருங்கள். டியூப்லைட்டின் முதுகு, கேபிள் ட்ரே, டக்ட்டின் மேல்பக்கம், இரும்பு உத்தரத்தின் விளிம்பு, ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதற்கு மேல். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் கின்ஸ்டனில், ஊசிமருந்துக் குப்பிகளுக்கு ரப்பர் மூடி செய்கிற ஆலை வெடித்து 6 பேர் இறந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த இடமெல்லாம் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த ஆலை அது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் பாலிஎத்திலீன் பொடி சேர்ந்திருந்தது, அது ஆபத்து என்று யாரும் உணரவில்லை.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு லிட்டர் அளந்தால் அரைக்கிலோ நிற்கும் மாவு. அது ஐந்து மீட்டர் உயரமுள்ள அறையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. சதுர மீட்டருக்கு அரைக்கிலோ. அது அத்தனையும் எழும்பினால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 100 கிராம். பல உணவு மாவுகளுக்கு 50, 60 கிராம் மிதந்தாலே வெடிக்கப் போதும். சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு போதும். இந்த அடர்த்தியில் தூள் பறந்தால் இரண்டு மீட்டர் தள்ளி எரியும் பல்பு கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு புழுதிக்குள் மனிதன் நின்று வேலை பார்க்க முடியாது. அதனால் "நம்ம இடத்தில் அந்த அளவு தூசி கிடையாது" என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கெட் எலிவேட்டருக்குள்ளும், தூளைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனுக்குள்ளும், துணிப்பைகளால் தூசி பிடிக்கும் பேக் ஃபில்டருக்குள்ளும் அந்த அளவு சாதாரணம். முதல் வெடி அங்கேதான் நடக்கிறது. அந்த அதிர்ச்சியில் உங்கள் உத்தரத்துத் தூசி எழும்பி இரண்டாவது வெடிக்கு இரையாகிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

தூரத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2025 ஜூன் 30 காலை, தெலங்கானா சங்காரெட்டி மாவட்டத்தின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வெடித்தது. அங்கே தயாரானது மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ். நாம் விழுங்கும் மாத்திரைகளில் மருந்தோடு சேர்க்கும் வெள்ளைப் பொடி. மரக்கூழிலிருந்து எடுப்பது, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலர் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். சிலருடைய உடலைக்கூடக் குடும்பத்தாரால் கொண்டுபோக முடியவில்லை. பொடியை உலர்த்தும் பகுதிமேல்தான் முதல் நாளிலிருந்தே சந்தேகம் விழுந்தது. அதே வெள்ளைப் பொடி மூட்டைகளைப் பிரித்துக் கொட்டும் மருந்து ஆலைகள் நம் ஊரிலும் இருக்கின்றன.

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன! அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015 ஜூன் 27 இரவு, தைவானில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் கொண்டாட்டம். கூட்டத்தின் மேல் கலர்ப் பொடியைப் பீய்ச்சினார்கள். அந்தப் பொடி வெறும் சோள ஸ்டார்ச். சூடான விளக்கில் பட்டுப் பற்றியிருக்க வேண்டும். திறந்த வெளி என்பதால் வெடிக்கவில்லை, எரிந்தது. அதற்கே 15 இளம் உயிர்கள் போயின. காயம்பட்டவர்கள் ஐந்நூறு பேருக்கு அருகில். இதே மாதிரி ஸ்டார்ச் பொடியைத்தான் நீங்கள் ட்ரையரில் உலர்த்தி, சலித்து, மூட்டை பிடிக்கிறீர்கள். களத்தில் வெயிலில் காய்கிறவரை பயம் இல்லை. கூரைக்குள், குழாய்க்குள், சல்லடைக்குள் போன பிறகு அதன் குணமே வேறு.

உலோகப் பொடியும் விதிவிலக்கில்லை. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கல்லட்டினில் இரும்புப்பொடி தயாரிக்கும் ஆலை ஒன்று 2011 ஜனவரி, மார்ச், மே என்று ஐந்தே மாதத்தில் மூன்று முறை எரிந்தது. 5 பேர் இறந்தார்கள். முதல் விபத்துக்குப் பிறகும் தூசி அப்படியே கிடந்தது. இரும்பும் எரியும் என்பதை ஏற்க அவர்கள் மூன்று விபத்து பார்க்க வேண்டியிருந்தது. வெடிக்காத தூளும் உண்டு: மணல், சிமெண்ட், உப்பு, சுண்ணாம்புக்கல் பொடி. அவை நுரையீரலைக் கெடுக்கும், தீப்பிடிக்காது. செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் விலங்கிலிருந்தும் வந்த எந்தப் பொடியையும், பிளாஸ்டிக், நிலக்கரி, கந்தகம், பெயிண்ட் பவுடரையும், பெரும்பாலான உலோகப் பொடிகளையும், பரிசோதனைச் சாலை வேறு சொல்லும் வரை வெடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் நான் அதிகம் பயப்படும் நாள் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். கொங்குப் பக்கத்தில் ஒரு தீவன ஆலையில் நான் நேரில் பார்த்த காட்சி இது. வருஷம் முழுக்க யாரும் ஏறாத உத்தரங்களை அன்றைக்குத்தான் சுத்தம் செய்கிறார்கள். ஏணி மேல் ஒரு பையன், கையில் கம்ப்ரசர் ஹோஸ். சர்ர்ரென்று காற்று அடிக்க அடிக்க, மக்காச்சோளத் தூளும் சோயாத் தூளும் மஞ்சளாக இறங்கி, பத்தடியில் நின்ற ஆளின் சட்டை நிறம் மறைந்துபோனது. கீழே ஹாமர் மில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் வெல்டர், ஹாப்பர் காலில் விரிசல் ஒட்டிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரைத் தனியே அழைத்துச் சொன்னேன். "இதென்னங்க பெட்ரோலா? கோழி திங்கிற மாவுதானுங்க" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெல்டிங்கை நிறுத்த வைத்துவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தேன். உத்தரத்தின் மேல் விளிம்பில் நகத்தால் கீறினால் அடை அடையாகப் பெயர்ந்தது. ஏ.டி.எம். கார்டு கனம் என்ன, ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனம் இருந்தது.

மறுநாள் அதே கூரைக்குக் கீழே மெஷினுக்கு மெஷின் சூடம் கொளுத்துவார்கள். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்கிற தொழிலைக் கும்பிடுவது நல்ல வழக்கம். சுத்தம் செய்கிற முறையை மாற்றுங்கள், கற்பூரத்தை வாசலில் ஏற்றுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். கம்ப்ரசர் காற்று தூசியை அகற்றுவதில்லை. படுத்துக் கிடந்ததை எழுப்பிக் காற்றில் நிறுத்துகிறது. முதல் வெடி செய்ய வேண்டிய வேலையை நாமே செய்துகொடுக்கிறோம். மெஷின்களை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மேலிருந்து கீழாக, மிருதுவான துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி அள்ள வேண்டும். எரியும் தூசிக்கென்றே செய்த வேக்குவம் கிளீனர்கள் உண்டு. வீட்டு வேக்குவம் கூடாது, அதன் மோட்டாரே பொறி விடும். வருஷத்துக்கு ஒருநாள் என்பதும் கூடாது. படிகிற வேகத்தைப் பார்த்து வாரத்துக்கு ஒருமுறையா, ஷிப்டுக்கு ஒருமுறையா என்று முடிவு செய்து, யார் செய்தார் என்று எழுதி வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், தூள் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்து அந்த இடத்தை அடைப்பது. கிழிந்த கேன்வாஸ் இணைப்பு, சரியாக மூடாத இன்ஸ்பெக்‌ஷன் கதவு, தளர்ந்த ஃபிளாஞ்ச்: உத்தரத்துத் தூசியில் பெரும்பங்கு இந்த மாதிரி ஓட்டைகளிலிருந்துதான் வருகிறது.

பொறி எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங். வெளியிலிருந்து வருகிற வெல்டருக்கு அந்த ஆலையில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. எழுத்தில் பெர்மிட் கொடுக்காமல் அவரை உள்ளே விடக் கூடாது. குழாய்க்குள்ளும் அதன் மறுமுனையிலும் தூள் இல்லை என்று பெர்மிட் கொடுப்பவர் தானே போய்ப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்தும் ஒருவர் அங்கேயே காவல் இருக்க வேண்டும், ஏனென்றால் கனன்ற தூள் வெகுநேரம் கழித்தும் பற்றும். அடுத்தது பேரிங். எலிவேட்டர் பேரிங் கத்த ஆரம்பித்தால் "ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம்" என்று கிரீஸ் வைத்து ஓட்டுகிறோமே, போர்ட் வென்ட்வொர்த்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். எலிவேட்டர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி உள்சுவரில் உரசுவதும் அதே ஆபத்து. பஞ்சாலை ப்ளோரூமிலும் அரவை ஆலையிலும் மூலப்பொருளோடு வருகிற ஆணி, போல்ட்டு, கல் பீட்டரில் அடிபட்டுப் பொறி விடும். காந்தம் வைத்திருப்பார்கள்; அதில் ஒட்டியதை யாராவது எடுத்துச் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். மோட்டார் மேல் தூள் மூடினால் சூடு வெளியேறாது, தூள் அங்கேயே கருகத் தொடங்கும்.

கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றும் உண்டு. பொடி குழாயில் ஓடும்போதும் ஜம்போ பேக்கிலிருந்து கொட்டும்போதும் ஸ்டாட்டிக் மின்சாரம் சேரும். குழாய், ஹாப்பர், ட்ரம் எல்லாவற்றுக்கும் எர்த் இணைப்பு இருக்க வேண்டும். ரப்பர் கேஸ்கட் போட்ட இடங்களில் ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் செம்புப் பட்டை இருக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவர்கள் அந்தப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்ட மறந்துபோவார்கள். பேக்கை மாட்டியதும் எர்த் கிளிப் போட வேண்டிய ரகம் என்றால், கிளிப் போடாமல் ஒரு பேக்கும் திறக்கக் கூடாது. கரைப்பான் இருக்கிற ரியாக்டருக்குள் பொடியைக் கொட்டும் மருந்து ஆலைக்காரர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து.

சீனாவின் குன்ஷான் விபத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2014 ஆகஸ்ட் 2 காலை ஏழு மணி வாக்கில், கார்களுக்கான அலுமினியச் சக்கரங்களை பாலிஷ் போடும் ஆலையில் வேலை தொடங்கியது. தூசி உறிஞ்சும் கருவி இருந்தது. அதன் கீழே தூள் விழும் ட்ரம் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தது. ஈரம் உள்ளே போனது. அலுமினியப் பொடி ஈரத்தோடு சேர்ந்து தானாகவே சூடேறியது, பற்றியது. குழாய்கள் வழியே தீ பணிமனைக்குள் திரும்பி வந்தது. நெருக்கி நெருக்கி மெஷின் போட்டு, தூசியை அகற்றாமல் விட்ட கூடம் ஒரேயடியாக வெடித்தது. முதல் நாளில் 75 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். கடைசியில் அது 146 ஆனது. தூசி பிடிக்கும் கருவி வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பராமரிக்காத பேக் ஃபில்டர்தான் ஆலையிலேயே அதிகத் தூள் அடைபட்டிருக்கும் இடம். அதைக் கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். வெடித்தால் முதலில் பிய்த்துக்கொண்டு போகும் பலவீனமான தகடு அதில் இருக்க வேண்டும். அந்தத் தகடு பார்க்கும் திசையில் சைக்கிள் ஸ்டாண்டோ டீ குடிக்கும் பெஞ்சோ இருக்கக் கூடாது. தீ குழாய் வழியே கூடத்துக்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வும் வேண்டும்.

இதெல்லாம் புது ஞானமா என்றால் இல்லை. 1785 டிசம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கில் மாவு கொட்டும்போது விளக்கில் பட்டு வெடித்ததை, காரண காரியத்தோடு ஒருவர் அப்போதே எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவே வெடிக்கும் தூசி, வாயு பற்றியதாக இருந்தது. மெஷினை மூடி வைக்க வேண்டும், படியும் தூசியை அகற்ற வேண்டும், பொறி வரும் எதையும் அண்ட விடக் கூடாது, எரியும் பொருள் இருந்த பாத்திரத்தைச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. 1980 முதல் 2005 வரை அமெரிக்காவில் மட்டும் இந்த வகை விபத்துகள் 281 நடந்தன, 119 பேர் இறந்தார்கள் என்று அவர்களுடைய விசாரணை வாரியம் 2006-இல் எண்ணிச் சொன்னது. இரண்டு வருஷத்துக்குள் போர்ட் வென்ட்வொர்த். எழுதி வைத்ததை உத்தரம் வரை ஏறிப் போய்ப் பார்க்க ஆள் இல்லை.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆலையில் ஓடும் பொடியைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, எவ்வளவு மிதந்தால் வெடிக்கும், எவ்வளவு சூட்டில் பற்றும், எத்தனை வேகத்தில் அழுத்தம் ஏறும் என்று அறிக்கை வாங்குங்கள். அது இல்லாமல் விற்கவரும் ஆள் சொல்லும் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். செலவு என்று தள்ளிப்போடுகிறவர்கள், துடைப்பமும் ஆளும் நேரமும் மட்டும் கேட்கிற வேலையையாவது இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு மெஷினை மூடினாலும், இடம் மாற்றினாலும், வேகத்தைக் கூட்டினாலும் "தூசி இனிமேல் எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போர்ட் வென்ட்வொர்த்தில் அதை ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

தொழிலாளிகளுக்கு: மேலே பார்த்தது மனசை உறுத்தினால் ஃபோனில் படம் எடுத்து, தேதியோடு சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். நாலு பேராகப் போய்ச் சொல்லுங்கள், தனி ஆளாகப் போனால் வாய்க்கொழுப்பு என்பார்கள். கேட்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம்.

கடைசியாக, ஏற்கெனவே புகைய ஆரம்பித்துவிட்டால். ட்ரையர், சைலோ, ஹாப்பர், பேக் ஃபில்டர் எதிலிருந்தாவது கருகல் வாடை வந்தாலோ வெளித்தகடு சுட்டாலோ மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். திறந்ததும் காற்று உள்ளே போகும், ஓரத்தில் ஒட்டியிருந்த தூள் சரிந்து எழும்பும். பல உயிர்கள் அந்த ஒரு மூடியைத் திறந்ததால் போயிருக்கின்றன. பொடி வருவதையும் போவதையும் நிறுத்துங்கள். பேக் ஃபில்டரில் என்றால் அதன் ஃபேனையும், பையை உதறும் காற்றையும் நிறுத்துங்கள். பக்கத்துக் கூடத்தில் இருப்பவர்கள் உட்பட எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். வெளியே குவிந்து கிடக்கும் தூளில் சின்னதாகத் தீ என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது, தீயணைப்பு சிலிண்டரைக் கிட்டத்தில் வைத்து அடித்துத் தூளைக் கிளப்பவும் கூடாது. தண்ணீரைத் தூறலாக, மெதுவாக விட வேண்டும். அலுமினியம், மெக்னீசியம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஆகாது. உலர்ந்த மணலால் மெல்ல மூடி, விலகிவிடுங்கள். 101-க்கோ 112-க்கோ ஃபோன் செய்யும்போது "தீப்பிடித்துவிட்டது" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். என்ன பொடி, எந்தக் கருவிக்குள், எவ்வளவு என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒருவர் கேட்டில் நின்று, வருகிற தீயணைப்பு வீரர்களிடம் அதையே இன்னொரு முறை சொல்லட்டும். உள்ளே போகப்போவது அவர்கள்.